யார் வீட்டு வழி

2022 ஆகஸ்ட் 5, வெள்ளி

ஆடி வந்தால் ஊரில் கல்யாணம் கிடையாது, ஆனால் எனக்கு வேலை ஓயாது. சித்திரை வைகாசியில் இவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்துத் தள்ளிய கல்யாணமெல்லாம் இப்போதுதான் என் கம்ப்யூட்டரில் வரிசை கட்டி நிற்கிறது. மாப்பிள்ளைக்குக் கருவளையம் எடு, பெண்ணின் அத்தைக்குத் தொந்தியைக் குறை. கோவில்பட்டியில் பாதிப் பேருடைய அழகு என் விரல் நுனியில்தான் இருக்கிறது. ஒருத்தராவது நன்றி சொன்னதுண்டா என்றால் கிடையாது.

இன்று ஒரு நல்ல விஷயம். பாப்பா கும்பிட்டாள்.

இரண்டு நாளாகவே தூங்கி எழுந்ததும் ஒரு மாதிரி செய்து கொண்டிருந்தாள். தலை சட்டென்று குனிகிறது, இரண்டு கையும் விரிந்து மேலே எழும்பி முன்னால் வந்து சேர்கிறது. கொஞ்சம் விட்டு மறுபடி அதே போல. இன்று காலை சாமி அலமாரி முன்னால் மடியில் வைத்திருந்தபோது செய்தாள். அந்த நேரம் பார்த்து இவருடைய அக்கா கோமதி மதினி உள்ளே வந்தாள். மதினிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தம்பி வீட்டில் என்ன குழம்பு என்று தினமும் வந்து மூடியைத் திறந்து பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஏட்டி செம்பகம், ஆறு மாசப் பிள்ள அம்மனக் கும்பிடுதா பாருட்டி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவ்வளவுதான், இவர் கேமராவை எடுத்துவிட்டார். பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை, நெற்றியில் திருநீறு, பின்னால் குத்துவிளக்கு. நான் வீடியோவை மெதுவாக ஓட விட்டு, நாதஸ்வரம் சேர்த்து, நெட்டில் போட்டு விட்டேன். முகப்புப் படத்தில் மட்டும் பாப்பாவின் காலில் இருக்கும் வெள்ளைத் தேமலை எடுத்தேன். பெண் பிள்ளை. கண்டவன் கண்டதையும் சொல்லுவான்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

ஊரே பார்த்துவிட்டது. எனக்குத் தெரியாத ஊரில் தெரியாத ஆட்களெல்லாம் ஓம் சக்தி என்று எழுதியிருக்கிறார்கள். சாத்தூரிலிருந்து ஒருவர், இது போன ஜென்மத்துப் புண்ணியம் என்று பெரிய கட்டுரையே எழுதிவிட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருத்தி மட்டும் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள். யாரோ நர்ஸாம். "தப்பா நினைக்காதீங்க. இது கும்பிடுறது இல்லை, வலிப்பு மாதிரி தெரியுது. இன்னைக்கே குழந்தை நரம்பு டாக்டர்கிட்டக் காட்டுங்க."

வயிற்றெரிச்சல் பிடித்தவள். பச்சைப் பிள்ளையைப் பார்த்து வலிப்பு என்று எழுத எப்படி மனம் வருகிறது? பிளாக் பண்ணினேன். மதினி மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். கமறவே இல்லை, அவ்வளவு கண்ணேறாம்.

ஆகஸ்ட் 9

பாப்பா சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. பல் முளைக்கிற நேரம், அதனால் இருக்கும்.

ஆகஸ்ட் 10

அந்த நர்ஸைப் பிளாக்கிலிருந்து எடுத்தேன். நீங்கள் எந்த ஊர் என்று மட்டும் கேட்டேன். அவள் பதிலுக்கு மதுரையில் ஒரு டாக்டரின் நம்பரை அனுப்பி, கையோடு அந்த வீடியோவையும் கொண்டு போங்கள் என்றாள்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

மதுரையில் பிள்ளையைச் சேர்த்திருக்கிறோம். வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டாக்டர் நளாயினி எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். வீடியோவைக் காட்டச் சொன்னார். இவர் பெருமையா பயமா என்று தெரியாத ஒரு முகத்தோடு போனை நீட்டினார். நாதஸ்வரம் தொடங்கியதும் டாக்டர் சத்தத்தை அணைத்தார். அப்புறம் மெதுவாக ஓடுகிறதே, எடுத்தது எடுத்தபடி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

நாதஸ்வரம் இல்லாமல், மெதுவாக்காமல், என் பிள்ளையை நான் அப்போதுதான் பார்த்தேன். யாரோ பிடரியில் அடித்ததுபோல் தலை விழுகிறது. கை சேர்வது கும்பிடுவதற்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் பிள்ளை பயந்து அழப் பார்க்கிறாள், அதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. வீடியோவின் பின்னால் மதினி குலவை போடும் சத்தம் கேட்டது. நானும் சிரிக்கிறேன். என் சிரிப்பு தெளிவாகக் கேட்டது.

"இது வலிப்புதான்மா. குழந்தைகளுக்கு வர்றதுலேயே மோசமான வகை" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது.

அப்புறம் ஒரு அறையில் விளக்கையெல்லாம் அணைத்து, ஊதா வெளிச்சம் வருகிற டார்ச் ஒன்றைப் பாப்பா மேல் பிடித்தார். நான் தேமல் என்று குப்பைமேனி அரைத்துப் போட்ட இடமெல்லாம் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது. காலில் மட்டுமில்லை. முதுகில், இடுப்பில், வயிற்றில். இலை உதிர்ந்து கிடப்பது போல. பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் நான், எனக்குத் தெரியாது.

தலையில் ஒயர் மாட்டிப் பார்த்தார்கள். மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். இருதயத்தையும் எடுத்தார்கள். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு பெயர் சொன்னார்கள். மூளையில் சின்னச் சின்ன முடிச்சுகள். தோலிலும் இருதயத்திலும் சிறுநீரகத்திலும் வருமாம். பிறக்கும்போதே ரத்தத்தில் எழுதி வருவது, தொற்று இல்லை, நீங்கள் தின்றதாலோ தின்னாததாலோ வந்தது இல்லை என்றார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தானாகவே வரும், சிலருக்குத் தாயிடமோ தகப்பனிடமோ இருந்து வரும், அதனால் உங்கள் இருவரையும் பார்க்க வேண்டும் என்றார்.

இவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

என்னிடம், கன்னத்தில் இந்தப் பரு எத்தனை வயதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். ஏழாம் வகுப்பிலிருந்து என்றேன். செருப்பைக் கழற்றச் சொல்லிக் கால் நகத்தைப் பார்த்தார். உங்கள் அம்மாவுக்கும் கன்னம் இப்படித்தானா என்றார். அம்மா நான் எட்டாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள், வயிற்று வலி என்று விழுந்தவள் எழுந்திருக்கவில்லை என்றேன். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார்.

பாப்பாவுக்கு மருந்து கலக்க வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 13

வீடியோவை அழித்தேன். ஆனால் நிறையப் பேர் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 24

விகாபாட்ரின் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து பீச்சாங்குழலில் கொடுக்கிறோம். கண்ணின் ஓரப் பார்வையைக் கெடுக்கக்கூடும், ஆனாலும் கொடுத்தே ஆகவேண்டும், இந்த வலிப்பை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கு மூளை தப்பும் என்றார் டாக்டர். பார்வையா மூளையா என்று எந்தத் தாயிடமாவது கேட்பார்களா? எங்களிடம் கேட்டார்கள்.

வலிப்பு நின்றிருக்கிறது. நேற்று மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை. பரவாயில்லை, சிரித்தாளே.

அந்த நர்ஸுக்கு நன்றி என்று எழுதினேன். நான் பிளாக் பண்ணியது அவளுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 14, வெள்ளி

மூன்று பேருடைய ரத்தமும் பரிசோதனைக்குப் போனதே, அதன் ரிசல்ட் வந்தது. மதுரை போய்க் கேட்டுவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. விருதுநகர் தாண்டியதும் இவர், "வீட்ல நான் சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் பேசாத" என்றார்.

வீட்டில் மதினி காத்துக்கொண்டிருந்தாள். எங்கள் சங்கரலிங்கம் சித்தப்பாவுக்கு வலிப்பு உண்டல்லவா, வலிப்பு வந்துதானே கிணற்றில் விழுந்தார், அந்த வழிதான் என்று இவர் சொன்னார். தன் ரத்தத்தில் இருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கிறது என்றும் சொன்னார். மதினி தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நான் அடுப்பங்கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பால் சட்டியில் அடிப்பிடித்திருந்தது, வெகுநேரம் ஆயிற்று.

நவம்பர் 2

மதினி இப்போதெல்லாம் என்னைத் திட்டுவதே இல்லை. குழம்பில் உப்புக் கூடினாலும் தின்றுவிட்டுப் போகிறாள். முட்டை அவித்துக் கொண்டுவருகிறாள். "எங்க வீட்டுல வாக்கப்பட்ட பாவத்துக்கு நீ கெடந்து சீரழியுத" என்று இன்று என் தலையைத் தடவினாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் பழையபடி என்னை மூதேவி என்று திட்டினால் நன்றாக இருக்கும்.

2023 பிப்ரவரி 3

பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள். தன்ஷிகா என்று எண் கணிதக்காரர் வைத்துக் கொடுத்த பெயரைக் கேக்கில் எழுதி வாங்கி வந்தார்கள். அத்தனை பேர் கை தட்டினார்கள், பிள்ளை திரும்பவில்லை. கேக் டப்பாவின் வட்ட மூடியைத் தரையில் சுற்றி விட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதினியின் மகள் சுபா மட்டும் பக்கத்தில் படுத்துக்கொண்டு தானும் ஒரு மூடியைச் சுற்றிவிட்டாள். சுபா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், பாப்பாவின் மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஊர் ஊராகப் போன் போட்டுத் தேடித் தருகிறவள் அவள்தான்.

படம் எடுக்க வேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டார்.

மே 19

வலிப்பு திரும்ப வந்துவிட்டது. இது வேறு மாதிரி. சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது பார்வை ஒரு பக்கமாக நிலைகுத்தி, இடது கை மட்டும் துடிக்கிறது. முதலில் நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வாயில் சோறு. விரலை விட்டு வழித்து எடுத்தேன்.

மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 30

அந்த வீடியோ எனக்கே திரும்ப வந்தது. கல்யாண மண்டபக்காரர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ இன்றைய நற்சிந்தனை என்று போட்டிருக்கிறார்கள். கீழே பூவும் கும்பிட்ட கையும் வரிசையாக. நான் குழுவிலிருந்து வெளியே வந்து, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 27

ஒரு வருஷம் ஒன்பது மாதம். அம்மா என்று சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் திரும்பவில்லை. காது கேட்கிறதா என்று பார்த்தார்கள், நன்றாகவே கேட்கிறது. பக்கத்து வீட்டில் மிட்டாய்த் தாள் பிரித்தால் கேட்கிறதே. அப்புறம் நான் கூப்பிட்டால் மட்டும் என்னடி உனக்கு?

2024 ஜனவரி 23

மதுரை போய் வந்தேன். ஆல்பத்துக்கு லேமினேஷன் ரோல் வாங்க வேண்டியிருந்தது. பாப்பாவை மதினி பார்த்துக்கொண்டாள். வெறும் வயிற்றோடு போகச் சொல்லியிருந்தார்கள், அப்புறம் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. வெகுநேரம் பிடித்தது.

ரோல் நல்ல விலைக்குக் கிடைத்தது.

ஜனவரி 24

இவர் கேட்டார், நேற்று ஏன் முகம் ஒரு மாதிரி இருந்தது என்று. பஸ்ஸில் கூட்டம் என்றேன்.

ஏப்ரல் 8

ஆட்டிசம்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இந்தக் கோளாறு இருக்கிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஆட்டிசமும் சேர்ந்தே வரும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொன்னாராம். இவர் ஞாபகப்படுத்துகிறார். எனக்குச் சத்தியமாக நினைவில்லை. அன்றைக்கு என் காதில் வலிப்பு என்ற ஒரு சொல்தான் விழுந்தது. வலிப்பை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன். வலிப்புத்தான் பேச்சை அமுக்கி வைத்திருக்கிறது, அது நின்றதும் பிள்ளை கடகடவென்று பேசிவிடுவாள் என்று ஒரு நினைப்பு. மடச்சி.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் திருநெல்வேலி போக வேண்டும். அந்தப் பயிற்சி கொடுக்கிற பெண், பாப்பா என் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தண்ணீர்க் குடத்தின் மேல் வைத்ததைப் பார்த்துவிட்டு, இதுவும் பேச்சுத்தான்மா என்றாள். அவள் தண்ணீர் கேட்கிறாள், நீங்கள் பதில் சொல்லுங்கள் என்றாள். நான் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தேன். இத்தனை நாளும் கையைத் தட்டிவிட்டுவிட்டு, வாயைத் திறந்து சொல்லு என்று அதட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10, திங்கள்

சுபாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. சாத்தூர்ப் பையன், பேங்கில் வேலை. பையன் வந்து பார்த்து, பிடித்து, இருவரும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மதினி வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார், அதனால் முன்னால் நின்று எல்லாம் பேசுவது தாய்மாமனான இவர்தான். தாய்மாமன் சீர் என்னென்ன செய்ய வேண்டும் என்று இவருக்கு இப்போதே ஒரே கனவு. சுபாவின் படத்தை நானே சரிசெய்து கொடுத்தேன். சரிசெய்ய ஒன்றும் இல்லை, இவளுக்கு மாவு மாதிரி முகம்.

ஜூன் 28, வெள்ளி

சாத்தூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

யாரோ விசாரித்துச் சொல்லியிருக்கிறார்கள். பெண்ணின் தாய்வழியில் தலைமுறை தலைமுறையாக வலிப்பு நோய், சின்னத் தாத்தா அதில்தான் செத்தார், தாய்மாமனிடமும் இருக்கிறது, அவர் பிள்ளைக்கும் வந்து பேச்சில்லாமல் கிடக்கிறது, நாளைக்குச் சுபாவுக்குப் பிறப்பதும் அப்படித்தான் இருக்கும் என்று. இதை ஊரெல்லாம் சொன்னது வேறு யாரும் இல்லை, மதினியேதான். ஒவ்வொரு கோயிலிலும் ஒவ்வொரு ஆளிடமும் எங்கள் வீட்டுப் பாவம் எங்கள் வீட்டுப் பாவம் என்று அழுதவள் அவள்தானே.

சுபா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போனேன். "அத்த, பெறகு பேசுவோம்" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

ஜூன் 30

இவரிடம் பேசினேன். நீங்கள் போய்ச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்லுகிறேன் என்றேன். இவருக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. சுபாவுக்கு இவன் இல்லாவிட்டால் இன்னொருவன் வருவான், அக்காவிடம் சொன்னால் உன்னை இந்தத் தெருவில் நடக்க விடமாட்டாள், உன் பிள்ளையையும் வாழவிட மாட்டாள், நீ வாயைத் திறக்கக்கூடாது என்றார். அப்புறம் பாப்பாவுக்கு மருந்து கொடுக்கப் போய்விட்டார். பாதி மருந்தைக் கீழே கொட்டிவிட்டார்.

இரண்டு வருஷமாக இந்த மனிதர் என் பழியைத் தன் தலையில் சுமந்துகொண்டு ஊருக்குள் நடக்கிறார். ஆமாம், என் பழி. எழுதிவிட்டேன். ரிசல்ட்டில் இருந்தது என் பெயர். இவர் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை, அந்தச் சித்தப்பாவுக்கு இருந்தது வெறும் சாதாரண வலிப்பு.

ஜூலை 3

சுபா வேலைக்குப் போகவில்லையாம். சாப்பிடவில்லையாம்.

ஜூலை 4, வியாழன்

காலையில் இவர் ஸ்டுடியோவுக்குப் போனதும், பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். மதினி உளுந்து ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரு என்றாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அப்புறம் எழுந்து வந்துவிடுவேன் என்று தெரியும்.

"மதினி, அது உங்க வீட்டு வழி இல்ல. எங்கிட்ட இருந்துதான் பிள்ளைக்குப் போச்சு. ரத்தத்துல பாத்துச் சொல்லிட்டாங்க. சுபாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மதினி கையை உளுந்துத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டாள். மறுபடி சொன்னேன். பிள்ளை மேல் சத்தியமா என்றாள். பாப்பா தலையில் கை வைத்துச் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்துச் சாத்தூர் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போட்டாள். சத்தமாகக் கேட்கும்படி வைத்து என் முன்னால் நீட்டினாள். சொல்லு என்றாள்.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுபாவின் தாய்வழிக்கும் இதற்கும் தொடர்பில்லை, நான் வேறு வீட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், வேண்டுமானால் டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். சுபா கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். அந்த அம்மா நல்லவளாகத்தான் இருக்க வேண்டும். மெல்லக் கேட்டாள்.

"அப்பம் ஒனக்கும் அந்த நோய் இருக்காம்மா?"

இரண்டு வருஷத்தில் இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். யாரிடமிருந்து வந்தது என்று கேட்பார்கள். நானும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இருக்கு" என்றேன்.

வீட்டுக்காரரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று அந்த அம்மா வைத்துவிட்டாள்.

அதற்குள் யார் சொன்னார்களோ, இவர் வாசலில் செருப்போடு வந்து நின்றார். மதினி அவரைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார். முதல் நாளிலிருந்தா என்றாள். ஆமாம் என்றார்.

"சாத்தூர்க்காரன் வேண்டாம்னு சொன்ன அன்னைக்கும் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்த. எம் பிள்ள வாழ்க்கைய விட ஒனக்கு இவ பேரு பெருசாடா?"

இவர் சுபாவைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"ஆமாக்கா."

எனக்காக ஒருவர் இப்படி ஒரு சொல் சொல்லுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதைக் கேட்டபோது சந்தோஷமே வரவில்லை. சுபாவின் முகத்தைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

இரண்டு பேரும் இனி என் வாசப்படி மிதிக்க வேண்டாம், தாய்மாமன் என்று ஒருவன் என் மகளுக்கு இல்லை என்றாள் மதினி. நாங்கள் வந்துவிட்டோம்.

ஜூலை 6, சனி

சாத்தூரில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். சுபா எனக்கு ஒரு வரி அனுப்பினாள். அதில் நன்றி என்று இல்லை, பாப்பாவின் மருந்து கடைக்கு வந்திருக்கிறது என்று மட்டும் இருந்தது. தாய்மாமன் சீருக்கு இவருக்குப் பதில் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் நிற்பானாம். இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா தூக்கி வளர்த்த தம்பி.

இன்று மத்தியானம் பாப்பா தூங்கினாள். இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இனிமேல் யாரிடமும் மறைக்க நமக்கு ஒன்றும் இல்லை, அது ஒரு நிம்மதி என்றார்.

நான் பீரோவிலிருந்து ஜனவரி மாதத்து ஸ்கேனை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி. இடது பக்கத்தில் இருப்பது பெரிது. உடைந்தால் உள்ளேயே ரத்தம் கொட்டிவிடும், உங்கள் அம்மாவுக்கு அதுதான் ஆகியிருக்கும், உடனே வந்து படுங்கள், கட்டிக்குப் போகிற ரத்தக்குழாயை அடைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் படுத்தால் பிள்ளையை யார் பார்ப்பது என்று தள்ளிப் போட்டேன். அப்புறம் ஆட்டிசம் என்றார்கள், அப்புறம் சுபா கல்யாணம் வந்தது. அதெல்லாம் சாக்கு. பயந்தேன். எழுதினால் உண்மையாகிவிடும் என்று இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

இவர் என்னைத் திட்டவில்லை. என்னிடமே மறைத்துவிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்து அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார். அப்புறம் போனை எடுத்தார். யாருக்குப் போடுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

"யக்கா" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பக்கம் என்னலே என்னலே என்று மதினி கத்துவது எனக்கே கேட்டது. "செம்பகத்துக்கும் இருக்குக்கா. உள்ள கட்டி இருக்கு. எனக்குப் பயமா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

போன் கட்டாகிவிட்டது. வெறுத்துப் போய் வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில், சாமான் கழுவிய ஈரக் கையோடு, மாற்றுச் சேலை ஒன்றை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு மதினி வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்கி எழுந்த பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மருந்து எந்த நேரம், எவ்வளவு என்று இவரிடம் கேட்டாள். அப்புறம் மதுரைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

ஐந்தேகாலுக்கு இருக்கிறது. கிளம்புகிறோம்.